கூர்த்த ஒலியும் செவியும்: மலையக வானொலிக் கேள்வியின் வரலாற்றில் ஒரு கூறு

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில், அம்பேவெலவிற்கும் ஒகியாவிற்கும் இடையே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது பட்டிப்பொல. இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையம் இதுவே. 1885இல் நானுஓயாவை எட்டிய பாதை, 1893இல் அப்புத்தளை வரை நீண்டபோது இவ்வுச்சியைக் கடந்தது. ஒருபுறம் ஹோட்டன் சமவெளியின் காடும் புல்வெளியும், மறுபுறம் அம்பேவெலவின் பால் பண்ணையும் மரக்கறித் தோட்டங்களும், சற்றுக் கீழே இறங்கினால் தேயிலையும் லயங்களும் என விரியும் இந்நிலப்பரப்பைத் தேயிலை நாடு என்று மட்டும் கூறி விடுவது முழுமையாகாது. புகையிரதத்தில் கொழும்பிற்கு இருநூறு கிலோமீற்றருக்கு மேல். வானொலி அலை செல்லும் நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். இந்த இடைவெளியைக் கடந்து ஒலி எவ்வாறு மலைக்கு ஏறியது, ஏறி வந்தபோது எத்தகைய குறைகளைச் சுமந்து வந்தது என்பன, இலங்கையின் சமூக வரலாற்றை எழுதுவோர் போதிய அளவு கவனியாத வினாக்களாகும்.

வினா பழையதாயினும் அதன் இன்றைய வடிவம் மிக எளியது. ஹெட்போனைச் செவியில் மாட்டிக்கொண்டு பாடலோ பேச்சோ கேட்போர், சகர ஸகர ஒலிகள் ஊசி போற் குத்துவதாகவும், தாளத்தின் மணியோசை உறுத்துவதாகவும், அரைமணி நேரத்தில் செவி களைத்துவிடுவதாகவும் முறையிடுகின்றனர். இக்குறையை நீக்க நல்லதோர் அம்பிளிபயர் வாங்கவேண்டும் என்பது கடைத்தெருவில் வழங்கும் அறிவுரை. இலங்கைப் பௌதிக நூல்கள் விரியலாக்கி என்றும் தமிழகத்தார் பெருக்கி என்றும் குறிப்பிடும் கருவி இதுவே. ஹெட்போனுக்குத் தமிழ்ப் பெயர்கள் பல முன்மொழியப்பட்டும் ஒன்றேனும் வழக்கில் நிலைபெறாமையால் ஈண்டு அப்பெயரே ஆளப்படுகிறது. கூர்மை எங்கிருந்து பிறக்கிறது? ஒலிபரப்பிலா, விரியலாக்கியிலா, ஹெட்போனிலா, அன்றிக் கேட்பவரின் செவியிலேயா? கருவிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த முறையை நோக்கின் விடை தெளிவாகும்.

இலங்கையில் ஒலிபரப்பைத் தோற்றுவித்தவர் எட்வேர்ட் ஹார்ப்பர். 1921இல் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக இங்கு வந்த இவர், 1923இல் பரிசோதனை ஒலிபரப்புகளைத் தொடங்கினார். சிறைப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு திணைக்களப் பொறியியலாளர் ஒலிபரப்பியை அமைத்தனர் என்பது இவ்வரலாற்றை எழுதியோர் அனைவரும் விரும்பிக் கூறும் செய்தி. 1925 டிசெம்பர் 16ஆம் நாள், தேசாதிபதி சேர் ஹியூ கிளிபர்ட் கொழும்பு வானொலியை முறைப்படி தொடக்கி வைத்தார். பிரித்தானியாவில் பி.பி.சி. தோன்றி மூன்றாண்டுகளே கடந்திருந்த காலம் அது. வெலிக்கடையிலிருந்து இயங்கிய ஒலிபரப்பியின் வலு ஒரு கிலோவாற்று மட்டுமே.

அக்காலத்தில் வானொலி கேட்பதென்றால் உலகின் பெரும்பாலான இடங்களில் ஹெட்போன் வழியாகக் கேட்பதே. பளிங்கு வாங்கி எனப்பட்ட எளிய கருவிக்கு மின்கலமோ விரியலாக்கியோ வேண்டியதில்லை. கலீனாப் பளிங்கொன்றின் மீது மெல்லிய கம்பியின் நுனியை வைத்து அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் முறை அதன் உயிர்நாடி. இத்தகைய கலீனா உணரிக்கு 1901இல் விண்ணப்பித்து 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் கல்கத்தாவின் ஜகதீஸ் சந்திர போஸ் என்பது நம் மாணவர் பலர் அறியாதது. பளிங்கு தரும் மின்னோட்டம் மிகச் சிறியதாகையால், ஆயிரக்கணக்கான ஓம் தடங்கல் கொண்ட ஹெட்போன்களே அதற்குப் பொருந்தின. காந்தத்தின் முன்னே இரும்புத் தகடொன்று அதிர்வதே அவற்றின் அமைப்பு. அத்தகடு தனக்கே உரிய மீடிறனில், அதாவது ஏறத்தாழ ஆயிரம் ஹேர்ட்ஸை ஒட்டிய பகுதியில், பரிவுற்று மிகையாக ஒலித்தது. தாழ்ந்த சுருதிகள் ஏறக்குறைய இல்லை, உயர்ந்தனவும் இல்லை, நடுப்பகுதி மட்டும் தகரத்தைத் தட்டினாற் போல் ஓங்கி நின்றது. ஆகவே ஹெட்போனின் முதல் தலைமுறையிலேயே காதை உறுத்தும் ஒலி இருந்தது. ஆயின் அது இன்று உறுத்தும் ஒலியன்று. அன்று குற்றவாளி ஆயிரம் ஹேர்ட்ஸ். இன்று ஆறாயிரமும் ஒன்பதாயிரமும்.

ஒரு கிலோவாற்று ஒலிபரப்பியின் அலை மலைகளுக்கிடையே தேய்ந்து வந்து சேரும் இடத்தில் பளிங்கு வாங்கியை நம்பியிருத்தல் இயலாது. மேல்நாட்டிற்கு வால்வு தேவைப்பட்டது. பிளெமிங் 1904இல் இருவாயி வால்வை ஆக்கினார். டி பொரஸ்ற் 1906இல் மூன்றாவது மின்வாயொன்றைச் சேர்க்கும் வழியில் இறங்கினார். சிற்றலையைப் பேரலையாக்கும் ஆற்றல் மனிதனுக்குக் கிட்டியது. எனினும் வால்வு வானொலிப் பெட்டியும் அதனை இயக்கும் பற்றரியும் துரையின் பங்களாவிற்கும் நகரத்துக் கடை முதலாளிக்கும் எட்டுவனவாயிருந்தனவேயன்றி, நாட்கூலி பெற்ற தொழிலாளியின் லயத்திற்கு எட்டவில்லை. விரியலாக்கி எனும் கருவி மலையகத்திற் புகுந்தபோது அது வர்க்க வேறுபாட்டின் அடையாளமாகவே புகுந்தது என்று கூறின் மிகையாகாது. பங்களாவின் வரவேற்பறையில் கொழும்பின் குரல் கேட்டது. லயத்தில் தப்பின் ஒலியும் மாசி மாதத்துக் காமன் கூத்துப் பாட்டும் கேட்டன. அவற்றிற்கு விரியலாக்கி தேவைப்படவில்லை.

போர்க்காலத்தில் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்திற்கென இலங்கையில் நிறுவப்பட்ட ஒலிபரப்பு நிலையம் இந்நிலையை மாற்றியது. எக்கலையில் அமைந்த 100 கிலோவாற்றுச் சிற்றலை ஒலிபரப்பி ஆசியாவின் பல நாடுகளை எட்டும் வலுவுடையது. 1949இல் அது இலங்கையரசின் கைக்கு வந்து, ரேடியோ சிலோன் பிறந்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. இந்தியாவில் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்து அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைக் குறைத்த காலத்தில், தமிழ்நாட்டு நேயர்களும் இந்தி பேசும் மாநிலங்களின் நேயர்களும் இலங்கையின் பக்கம் திரும்பினர். 1957இல் விவித்பாரதி தோன்றியதற்கு இப்போட்டியும் ஒரு காரணம். பிற்காலத்தில் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீட் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் பாக்கு நீரிணையின் இருகரையிலும் வீட்டுக் குரலாயிற்று.

ஈண்டு ஒரு முரண் நோக்கத்தக்கது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைக் கடல் கடத்தியது. நாட்டின் அரசியலிலிருந்து அவர்கள் விலக்கப்பட்ட இதே காலப்பகுதியில்தான் நாட்டின் வானொலி அவர்தம் வாழிடத்துள் நுழைந்தது. 1947இன் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்து, 1954இல் கைவானொலியாக விற்பனைக்கு வந்த திரான்சிற்றர், அதன்பின் வந்த ஆண்டுகளில் மின்சாரமற்ற லயத்திலும் சில பற்றரிகளைக் கொண்டு இயங்கியது. பங்களாவின் தனியுரிமை அத்துடன் முடிந்தது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் சென்று குடியேறியவர்களுக்கோ, பிரிந்து வந்த நாட்டின் தமிழ்க் குரலைச் சிற்றலை வழியே மீண்டும் கேட்கும் வாய்ப்பிருந்தது. வாக்குரிமை தர மறுத்த நாடு பாட்டைத் தரத் தயங்கவில்லை.

அக்குரல் எத்தகைய ஒலித்தன்மையோடு வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருளுக்கு இன்றியமையாதது. மத்திய அலையிலும் சிற்றலையிலும் நிலையங்கள் நெருங்கி இயங்குவதால், வாங்கிக் கருவிகள் ஏறத்தாழ 4,500 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைப் பெரும்பாலும் வெட்டிவிடும். சகரத்தின் சீற்றம், ஸகரத்தின் ஊதல், சிறுதாளத்தின் மினுக்கம் ஆகியன பெரும்பாலும் இதற்கு மேற்பட்ட பகுதியிலேயே உறைகின்றன. ஆகவே, திரான்சிற்றர் வானொலியில் இசை கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை, ஒலியின் மேற்பகுதியை ஏறக்குறைய அறியாமலே இசையை நேசித்தது. சிற்றலையில் அலைகள் தேய்ந்தும் மீண்டும் எழும்போது குரல் கரகரத்துக் குலையும். அது வேறொரு குறை. அதனைக் காலநிலையின் குணமாக நேயர் ஏற்றுக்கொண்டனர். அறிவிப்பாளர்கள் சொற்களை வெட்டி வெட்டி, மெய்யெழுத்துகளைத் தெளித்தாற் போற் பேசிய முறைக்கும் இக்குறுகிய வாயிலே ஒரு காரணமாயிருத்தல் கூடும்.

இத்தலைமுறைக்கு உயர்சுருதியின் கூர்மையை அறிமுகம் செய்தவை திருவிழாவின் கூம்பு ஒலிபெருக்கிகளே. கோயிற் கூரையிலோ மரக்கிளையிலோ கட்டப்படும் அக்கூம்பு, தாழ்சுருதியைக் கைவிட்டு, ஆயிரம் முதல் நாலாயிரம் ஹேர்ட்ஸ் வரையான பகுதியைத் தொலைதூரத்திற்கு எறியும். பள்ளத்தாக்கின் எதிர்க்கரைத் தோட்டத்திற்கும் கேட்க வேண்டுமாயின் அது சாலச் சிறந்த கருவி. அருகே நிற்பவருக்கோ நாகசுரம் கத்தியாகும். மனிதச் செவி மிகக் கூர்மையாக உணரும் பகுதியும் இதுவேயாகும். 1933இல் பிளெச்சர், மன்சன் என்னும் இரு அறிஞர் அளந்து காட்டியவாறு, மூவாயிரம் நாலாயிரம் ஹேர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைச் செவி மிகச் சிறிய அளவிலேயே உணர்ந்துவிடுகிறது. செவிக்குழாய் இரண்டரைச் சென்ரிமீற்றர் நீளமுடைய, ஒருமுனை மூடிய குழலாக அமைந்து, அம்மீடிறன்களில் தானே பரிவுறுவது இதற்கு ஒரு காரணம்.

இங்கேதான் ஹெட்போனின் சிக்கல் தொடங்குகிறது. முன்னே உள்ள ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி தலையிலும் செவிமடலிலும் பட்டு, இயல்பாகவே வடிவம் பெற்றுச் செவிக்குழாயை அடைகிறது. ஹெட்போன் இந்த இயற்கை வழியைக் குறுக்கே கடந்து செவியின் வாயிலில் நிற்கிறது. எனவே அவ்வடிவத்தைக் கருவி தானே செயற்கையாகத் தரவேண்டும். குறைத்துத் தந்தால் ஒலி போர்வைக்குள் அமுங்கும். மிகைப்படத் தந்தால் குத்தும். எவ்வளவு தருவது சரி என்பதில் ஆக்குவோர் பல்லாண்டு உடன்பட்டிலர். 2010களில் சோன் ஒலிவ் முதலியோர் ஹார்மன் நிறுவனத்தில் நேயர் பலரைக் கொண்டு நடத்திய சோதனைகள், நல்ல அறையில் வைத்த நல்ல ஒலிபெருக்கியை ஒத்த, மேற்சுருதி சற்றே தாழ்ந்து செல்லும் ஒலியையே பெரும்பாலோர் விரும்புவதைக் காட்டின. இதனினும் முக்கியமான செய்தி, ஆறாயிரம் ஹேர்ட்ஸுக்கு மேல் ஒருவரின் செவிக்கும் மற்றொருவரின் செவிக்கும் வேறுபாடு பெரிது என்பதாகும். ஒருவரின் செவியில் இனிக்கும் ஹெட்போன் மற்றவர்க்கு உறுத்துவது சுவை வேறுபாடு மட்டுமன்று; உடலமைப்பின் வேறுபாடுமாகும்.

விரியலாக்கியின் வரலாறும் கூர்மையோடு நடந்த போராட்டமே. 1927இல் ஹரல்ட் பிளாக் கண்ட எதிர்ப் பின்னூட்டல் முறை, ஒலித்திரிபைப் பெரிதும் குறைக்கும் வழியைத் திறந்தது. 1947இல் வில்லியம்சன் வெளியிட்ட வால்வு விரியலாக்கி வடிவமைப்பு அம்முறையின் சிறந்த பயன். உலகெங்கும் பலர் அதனைத் தம் கையாலே கட்டினர். 1952இல் பக்சண்டல் அமைத்த சுற்று, தாழ்சுருதிக்கும் மேற்சுருதிக்கும் தனித்தனித் திருகுகளைத் தந்தது. இன்றும் பெட்டிகளில் ‘பாஸ்’, ‘ட்ரெபிள்’ எனக் காணப்படும் திருகுகள் பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்களே. முதல் தலைமுறைத் திரான்சிற்றர் விரியலாக்கிகளிற் பல, அலையின் மேற்பாதியை ஒரு திரான்சிற்றரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் ஏற்கும்போது இடையே நேர்ந்த சிறு முறிவினால், மெல்லிய ஒலியில் கூட உறுத்தின. திரான்சிற்றர் என்றாலே வறண்ட ஒலி, வால்வு என்றாலே இனிய ஒலி என்ற நம்பிக்கை அக்காலத்தில் வேரூன்றியது. அக்குறை களையப்பட்டு நெடுங்காலமாகியும் நம்பிக்கை மட்டும் களையப்படவில்லை.

அந்நம்பிக்கையைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுடையது. 300 ஓம் ஹெட்போன் ஒன்று தாழ்சுருதிப் பரிவில் 600 ஓமாக உயர்கிறதெனக் கொள்வோம். 120 ஓம் வெளியீட்டுத் தடங்கல் கொண்ட விரியலாக்கியில் அதனைப் பொருத்தினால், தாழ்சுருதி ஏறத்தாழ 1.3 டெசிபெல் மட்டுமே உயரும். 32 ஓமிலிருந்து 64 ஓமாக உயரும் ஹெட்போனை அதே விரியலாக்கியில் பொருத்தினாலோ உயர்வு நாலு டெசிபெலைத் தாண்டும். தாழ்சுருதி தடித்தால் மேற்சுருதி மெலிந்தாற் போலத் தோன்றும். ‘வால்வின் இனிமை’ எனப் போற்றப்படுவதில் ஒரு பங்கு இதுவே. ஹெட்போன்களை 120 ஓம் மூலத்திற்கேற்ப அமைக்கலாம் என 1996இல் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு தன் நியமத்திற் கருதிய காலமும் இருந்தது. இன்றைய பொது வழக்கோ, ஹெட்போனின் தடங்கலில் எட்டிலொரு பங்குக்கு மேற்படாத வெளியீட்டுத் தடங்கலையே நாடுகிறது. ஆனால் மேற்சுருதியில் ஆறு முதல் பத்து டெசிபெல் வரை எழும் சிகரமொன்றை இத்தகைய சிறு மாற்றம் தணிக்கமாட்டாது. விரியலாக்கி தானே கூர்மையை உண்டாக்கும் நிலை வேறு: வலு போதாமல் அலையின் தலை வெட்டுண்டால் ஒற்றை எண் மேற்சுரங்கள் பெருகிக் குத்தும். 250 ஓம் ஹெட்போனுக்கு ஒரு மில்லிவாற்று வழங்க அரை வோற்று வேண்டும். நூறு மில்லிவாற்று வழங்க ஐந்து வோற்று வேண்டும். சிறு கைக்கருவிகள் பல இதனைத் தரமாட்டா. அந்நிலையில் தக்க விரியலாக்கி உண்மையான மருந்து. ஏனைய நிலைகளில் அது விலையுயர்ந்த ஆறுதலே.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஒலிநாடாப் பேழையும், 1979இல் சொனி விற்பனைக்கு விட்ட வோக்மனும் ஹெட்போனைப் பொறியியலாளரிடமிருந்து பொதுமக்களின் செவிக்குக் கொண்டுவந்தன. அரை நூற்றாண்டிற்கு முன் பளிங்கு வாங்கியோடு இருந்த தனிக்கேள்வி இவ்வாறு மீண்டது. நாடாவின் இரைச்சலை அடக்க 1960களின் இறுதியில் வந்த டொல்பி முறை, பதிவின்போது மெல்லிய மேற்சுருதிகளை உயர்த்தி, இசைக்கும்போது தாழ்த்துவது. அம்முறையில் பதிந்த நாடாவை அவ்வசதியற்ற கருவியில் இட்டால் உயர்த்தியது உயர்ந்தபடியே நிற்கும். ஹெட்போன் மீது சுமத்தப்பட்ட பழிகளுள் ஒரு பகுதி இந்நாடாக்களுக்கே உரியது.

மலையக ஆய்வில் ஈடுபட்டோர்க்கு இவையனைத்தும் வெறும் கருவிக் கதையன்று. சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களின் மரபைத் தொடர்ந்து, தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்துப் பாட்டும் ஒலிநாடாவில் பதியப்பட்டு, கணினிக்கு மாற்றப்பட்டு, ஹெட்போன் மாட்டிய ஒருவரால் எழுத்தாக்கப்படுகின்றன. நாடாவின் இரைச்சலும் ஹெட்போனின் கூர்மையும் சேர்ந்து உறுத்தும்போது அவர் செய்யும் முதற் செயல் மேற்சுருதித் திருகைத் தாழ்த்துவதாகும். பக்சண்டல் வழியில் அமைந்த திருகு ஆயிரம் ஹேர்ட்ஸை அடுத்தே தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. லகர ளகர ழகரங்களை வேறுபடுத்தும் ஒலிக்குறிகளோ பெரும்பாலும் ஆயிரத்தைந்நூறிற்கும் மூவாயிரத்திற்கும் இடையே உள்ளன. நாவை மடித்து ஒலிக்கும்போது குரலின் மூன்றாம் பரிவு தாழ்ந்து இப்பகுதிக்குள் இறங்குவதே அவ்வேறுபாட்டின் சிறப்புக் கூறு. குத்தல் எழுவது ஏழாயிரத்தில்; வெட்டு விழுவது இரண்டாயிரத்தில். பாடிய மூதாட்டி ‘மழை’ என்றாரா ‘மளை’ என்றாரா என்பது, தஞ்சை, திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த பேச்சு வழக்குகள் மலையில் எவ்வாறு கலந்தன என்று ஆராய்பவருக்குச் சான்று. அச்சான்று அவரது திருகினாலேயே அழிகிறது.

குத்தும் இடத்தை மட்டும் தாழ்த்த இன்று வழியுண்டு. கணினியில் தூய ஒலியொன்றை நாலாயிரத்திலிருந்து பத்தாயிரம் ஹேர்ட்ஸ் வரை மெல்ல உயர்த்திச் சென்று, தம் செவியில் அது திடீரென ஓங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அவ்விடத்தில் மட்டும் ஒடுங்கிய வெட்டொன்றை ஆறு டெசிபெல் அளவில் இடலாம். இதற்கு வேண்டிய மென்பொருள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. இதனாற் சகரத்தின் குத்தல் தணியும்; ழகரம் தப்பும். ஒலியளவைக் குறைத்துக் கேட்பதும் உதவும். இரைச்சலை விழுங்கும் பொருட்டு ஒலியை உயர்த்துவோர் அதே உயர்வினால் செவியின் மேற்சுருதி உணர்வைச் சிறிது சிறிதாக இழப்பதும், இழந்தபின் இன்னும் உயர்த்துவதும் எங்கும் காணக்கூடியதே. ஹெட்போனின் மெத்தையை மாற்றினால் மேற்சுருதி மாறும். பழகிய மெத்தை தேய்ந்து செவியை நெருங்கியதே திடீர்க் கூர்மைக்குக் காரணமாயிருப்பதும் உண்டு.

இத்தனையும் செய்த பின்னரும் ஐயமான எழுத்துகள் எஞ்சும். அவற்றை வெட்டின்றி ஒருமுறையும் வெட்டோடு ஒருமுறையும் கேட்டு, இரண்டிலும் ஒன்றாகவே ஒலிப்பதை எழுதி, வேறுபடுவதைப் புள்ளியிட்டு விட்டுவிடுதலே முறை. எந்த ஹெட்போனில், எத்தகைய வெட்டோடு கேட்டு எழுதப்பட்டது என்ற குறிப்பு பாடலின் அடியில் இருக்குமாயின், பின்னொரு நாள் அதே நாடாவை வேறொரு செவியில் வைத்துக் கேட்பவர் எங்கிருந்து தொடங்குவது என்பதை அறிவார்.